மடியில் கனம்: தூக்கிக்கொண்டு போன கணினிகளின் கதை

போன வருஷம் ஒரு பௌர்ணமி மாலை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ்ஸுக்காக நானும் மாமாவும் நின்றுகொண்டிருந்தோம். பௌர்ணமி என்றால் அந்த ரூட் எப்படி இருக்கும் என்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரிலேயே கிரிவலக் கூட்டம் ஏறி உட்கார்ந்துவிடும். ஓசூரில் ஏறுகிறவனுக்குக் கம்பிதான் கதி.

மாமா அன்று பொம்மசந்திராவில் ஒரு கஸ்டமரைப் பார்த்துவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். வீட்டுக்குப் போய் பையை வைக்க நேரமில்லை. அந்தப் பையில் இருந்தது 17 அங்குல கேமிங் லேப்டாப். சார்ஜரோடு சேர்த்தால் 4 கிலோ. இடித்துப் பிடித்து ஏறியபோது கண்டக்டர் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன சார், உள்ள கிரைண்டரா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஊத்தங்கரையில்தான் மாமாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "பெரியவங்க சும்மாவா சொன்னாங்க மாப்ள, மடியில கனம் இருந்தா வழியில பயம்னு" என்றார்.

இவ்வளவு கனமான ஒன்றை முதன்முதலில் "தூக்கிக்கொண்டு போகலாம்" என்று சொல்லி விற்றவன் யார் என்று அன்று பஸ்ஸில் நின்றபடி யோசித்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆள் சிறுவனாக ஓடித் திரிந்த ஊர், அன்று எங்கள் பஸ் போய்க்கொண்டிருந்த அதே திருவண்ணாமலை!

அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனிதன் கணினியைத் தேடிப் போன காலம்

ஆரம்பத்தில் கணினி எங்கும் போகாது. மனிதன்தான் அதைத் தேடிப் போக வேண்டும். 1970களில் பெரிய கணினி என்றால் குளிரூட்டிய தனி அறை, தனி ஆட்கள். இந்தியாவில் அதை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும், வரி வேறு மிக அதிகம். அதனால் நம் ஊர் புரோகிராமர்கள் கணினி இருக்கிற அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் முதல் அத்தியாயமே ஆள் ஏற்றுமதிதான். ராஜீவ் காந்தி அரசு 1984 நவம்பரில் புதிய கணினிக் கொள்கையை அறிவித்த பிறகுதான் இந்தப் பிடி தளர்ந்தது.

ஓசூர் அப்போதுதான் தொழில் நகரமாகிக்கொண்டிருந்தது. 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980-ல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. அதே வருஷம் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்து இங்கேயே வாட்ச் தொழிற்சாலை கட்டின. எல்லையைத் தாண்டினால் கர்நாடகாவின் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி. பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்க நூற்றுக்கணக்கில் சின்னப் பட்டறைகள் முளைத்தன. இரண்டு பக்கமும் தினமும் போய் வரும் ஒரு கூட்டம் உருவானது. அவர்கள் கையில் அன்று இருந்தது சுருட்டிய டிராயிங், ஒரு சாம்பிள் பீஸ், ஒரு டைரி. அவ்வளவுதான்.

திருவண்ணாமலைச் சிறுவன்

ஆடம் ஆஸ்போர்ன் 1939 மார்ச் 6 அன்று பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், அங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளர். அம்மா லூசியா போலந்துக்காரர். இருவருக்கும் ரமண மகரிஷியிடம் ஈடுபாடு. இரண்டாம் உலகப் போரில் அப்பா தாய்லாந்தில் ஜப்பானியர்களிடம் கைதியாகச் சிக்கிக்கொண்டார். அம்மா குழந்தைகளோடு திருவண்ணாமலையில் இருந்தார். ரமணாசிரமமும் மலையும்தான் அந்தப் பிள்ளைகளின் விளையாட்டு மைதானம். ஆடம் தமிழ் பேசி வளர்ந்த பையன்.

போர் முடிந்து அப்பா உயிரோடு திரும்பி வந்தார். பின்னாளில் ரமணரைப் பற்றிய பிரபலமான ஆங்கில நூல்களை எழுதியவரும், 1964-ல் ஆசிரமத்தின் 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கியவரும் இந்த ஆர்தர் ஆஸ்போர்ன்தான். ஆடம் கொடைக்கானலில் பள்ளிக்கூடம் படித்து, பிறகு இங்கிலாந்து போனார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தார். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். ஷெல் எண்ணெய் கம்பெனியில் வேலை. அது ஒத்துவரவில்லை.

அப்புறம் அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மைக்ரோபிராசசர் என்ற புது சமாச்சாரம் வந்திருந்தது, யாருக்கும் புரியவில்லை. புரியும்படி புத்தகம் எழுதி விற்க ஆரம்பித்தார். புத்தகங்கள் நன்றாகப் போயின. 1979-ல் அந்தப் பதிப்பகத்தை மெக்ராஹில் வாங்கிக்கொண்டது. கையில் காசு வந்தது. பத்திரிகையில் பத்தி எழுதி கணினிக் கம்பெனிகளைக் கிழித்துக்கொண்டும் இருந்தார். "இத்தனை குறை சொல்கிறாயே, நீயே ஒன்று செய்து காட்டேன்" என்று யாரும் கேட்பதற்கு முன்னால் செய்தே காட்டிவிட்டார்.

11 கிலோ பெட்டி

1981 ஏப்ரல், சான் பிரான்சிஸ்கோ கணினிக் கண்காட்சி. அங்கே 'ஆஸ்போர்ன் 1' அறிமுகமானது. வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். பார்க்க தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் மூடியே கீபோர்டு. நடுவில் 5 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் ஃபிளாப்பி டிரைவ். 64 கேபி நினைவகம். எடை சுமார் 11 கிலோ. நம் வீட்டுக்கு வாங்கும் 10 கிலோ அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம் அதிகம்!

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் இதுதான் அதிசயம். விமானத்தில் சீட்டுக்கு அடியில் நுழைகிற அளவில் அதைச் செய்திருந்தார்கள். வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போகிறவன் தன் கணக்கையும் கடிதத்தையும் கூடவே கொண்டு போகலாம் என்பது அதுவரை இல்லாத சௌகரியம்.

விலை 1,795 டாலர். வணிகவியல் மாணவனாக நான் நின்று பார்த்த இடம் இது. அந்த விலைக்குள் வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் மொழி என்று ஒரு மென்பொருள் மூட்டையே இருந்தது. தனித்தனியாக வாங்கினால் அவையே கிட்டத்தட்ட 1,500 டாலர் வரும் என்றார்கள். வாங்குகிறவன் மனசுக்குள் "கணினி எனக்கு 300 டாலருக்குத்தான் கிடைத்தது" என்று கணக்குப் போட்டுக்கொள்வான். ஆடிக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் போடும் நம் ஜவுளிக்கடைக்காரருக்கு இந்த மனசு நன்றாகத் தெரியும்.

ஆஸ்போர்னின் கொள்கை, எது போதுமோ அது போதும் என்பது. திரை சின்னது, ஒரு வரியில் 52 எழுத்துதான் தெரியும். அகலமான கணக்குத்தாளை பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். உள்ளே பேட்டரியும் கிடையாது. போகிற இடத்தில் பிளக் பாயிண்ட் தேடியாக வேண்டும். ஆனாலும் வேலை நடந்தது. 1981 செப்டம்பரிலேயே மாத விற்பனை 10 லட்சம் டாலரைத் தொட்டது.

இரண்டே வருஷம்

1983 செப்டம்பர் 13. ஆஸ்போர்ன் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

பாடப்புத்தகங்களில் சொல்லப்படும் காரணத்துக்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே பெயர் வந்துவிட்டது. அடுத்து வரப்போகிற 'எக்ஸிக்யூட்டிவ்' மாடலைப் பற்றி ஆஸ்போர்ன் முன்கூட்டியே பேசிவிட்டார். புதுசு வருகிறதே என்று டீலர்கள் பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டரை நிறுத்தினார்கள். புது மாடல் விற்பனைக்கு வருவதற்குள் கையில் இருந்த காசு தீர்ந்துபோனது.

இது முழுக் கதை இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. 1982-ல் கேப்ரோ என்ற போட்டிக் கம்பெனி 9 அங்குலத் திரையோடு இதைவிடக் குறைந்த விலையில் வந்துவிட்டது. 1983-ல் காம்பேக் வந்தது. அது ஐபிஎம் கணினியின் மென்பொருளை அப்படியே ஓட்டும். ஆஸ்போர்னில் ஓடாது. கிடங்கில் மிஞ்சிய பழைய சர்க்யூட் போர்டுகளை வீணாக்க மனசில்லாமல், அவற்றை முழு மெஷினாக்க மறுபடி பெரும் செலவு செய்தார்கள் என்றும் ஒரு விவரம் சொல்லப்படுகிறது. போன பணத்தைத் துரத்திக்கொண்டு இருக்கிற பணத்தையும் விடுவது என்று எங்கள் காஸ்டிங் வகுப்பில் எச்சரிப்பார்களே, அதேதான்.

எது பெரிய காரணம் என்று அடித்துச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் "புதுசு வரட்டும், இருங்கள்" என்ற வார்த்தை என்ன செய்யும் என்று எனக்கு நேரடியாகத் தெரியும். ஏனென்றால் அதைச் சொன்னவன் நான்.

மாமா ஓசூரில் இரண்டு விஎம்சி மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார். கஸ்டமர் அனுப்பும் முப்பரிமாண டிராயிங்கைத் திறந்து பார்த்து, எங்கே டூல் இடிக்கும், எத்தனை செட்டிங் ஆகும் என்று சொல்லித்தான் ரேட் பேச வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு மெல்லிசான பழைய லேப்டாப். 2024 கடைசியில் பெரிய கேமிங் லேப்டாப் ஒன்று வாங்க முடிவு செய்து கொட்டேஷன்கூட வாங்கிவிட்டார். நான்தான் பெரிய அறிவாளி மாதிரி, "இருங்க மாமா, ஜனவரியில புது கிராபிக்ஸ் சிப் அறிவிக்கப் போறாங்க. இப்ப வாங்கினா நஷ்டம்" என்றேன்.

சொன்னபடியே 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் என்விடியா புது வரிசையை அறிவித்தது. அது போட்ட லேப்டாப்கள் விற்பனைக்கு வர ஆரம்பித்தது மார்ச் கடைசியில்தான். நடுவில் பிப்ரவரியில் ஒரு கஸ்டமர் கூப்பிட்டார். பெரிய ஃபிக்சர் வேலை. மீட்டிங் ரூமில் மாமா அந்த ஃபைலைத் திறந்தார். பழைய லேப்டாப் சுற்றியது, சுற்றியது, அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஆன் செய்து திறப்பதற்குள் எதிரில் இருந்த இன்ஜினியர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஆர்டர் வேறு ஒருவருக்குப் போனது.

கடைசியில் மாமா வாங்கியது எது தெரியுமா? புது சிப் போட்டது எட்டாத விலை. அதனால் விலை இறங்கியிருந்த பழைய வரிசையைத்தான் வாங்கினார். முதலில் வாங்கப் போன அதே மாடல்! மிச்சம் சில ஆயிரம் ரூபாய், போனது ஒரு ஆர்டர். "விடு மாப்ள, நல்லதுக்குத்தான சொன்ன" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டு வம்சம்

கணினி வரலாறு என்றாலே வருஷா வருஷம் எடை குறைந்துகொண்டே வந்த கதையாகத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் ஆரம்பத்திலிருந்தே இரண்டு வம்சம் இருக்கிறது. ஒன்று லேசானது, இன்னொன்று கனமானது.

லேசான வம்சத்தின் மூத்தது 1982-ல் வந்த கிரிட் காம்பஸ். இன்று நாம் பார்க்கிற மாதிரி புத்தகம்போல் மடங்கும் வடிவம் அதிலேயே வந்துவிட்டது. சுமார் 5 கிலோ. விலை 8,150 டாலர் என்பதால் வாங்கியவர்கள் அரசாங்கமும் பெரிய கம்பெனிகளும்தான். விண்வெளி ஓடத்தில்கூடப் போனது. 1985-ல் தோஷிபா டி1100 சுமார் 4 கிலோவில் வந்தது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்தார். 1.36 கிலோ. இந்த வம்சத்தின் வேலை பேச்சு: கடிதம், மின்னஞ்சல், கூட்டத்தில் படம் போட்டுக் காட்டுவது.

கனமான வம்சம் ஆஸ்போர்னிலிருந்து வருகிறது. 1983-ல் காம்பேக் போர்ட்டபிள், 12 கிலோவுக்கும் மேல். இரண்டு டிரைவோடு வாங்கினால் 3,590 டாலர். கனம் என்று யாரும் ஒதுக்கவில்லை. முதல் வருஷமே 53,000 பெட்டி விற்று 11.1 கோடி டாலர் வருமானம் பார்த்தது. வாங்கியவன் எடையைப் பார்க்கவில்லை. "என் ஆபீஸ் மேஜையில் ஓடுகிற எல்லாம் இதில் ஓடுமா?" என்றுதான் பார்த்தான்.

பிறகு இந்த வம்சத்தைக் காப்பாற்றியது விளையாட்டு. 2000 நவம்பரில் என்விடியா லேப்டாப்புக்கென்றே முதல் ஜிஃபோர்ஸ் சிப்பை அறிவித்தது. விளையாடுகிற பையன்களுக்கு முப்பரிமாணக் காட்சி வேகமாக ஓட வேண்டும். அதற்குச் சூடு தணிக்க விசிறி, செம்புக் குழாய், பெரிய சார்ஜர். எடை ஏறியது. 2007-ல் எச்பி 20 அங்குலத் திரையோடு ஏறக்குறைய 7 கிலோவில் ஒரு லேப்டாப் போட்டது. உச்சம் 2017-ல் வந்த ஏசர் பிரிடேட்டர் 21 எக்ஸ். வளைந்த 21 அங்குலத் திரை, இரண்டு கிராபிக்ஸ் சிப், இரண்டு சார்ஜர், 8.8 கிலோ, 8,999 டாலர். 36 வருஷம் ஓடிக் களைத்து ஆஸ்போர்ன் இருந்த தெருவுக்கே திரும்பி வந்துவிட்டோம் :-)

அதே 2017-ல் என்விடியா 'மேக்ஸ்-க்யூ' என்று ஒரு முறையைக் கொண்டுவந்து, சக்தியைக் கொஞ்சம் அடக்கி மெல்லிசான கேமிங் லேப்டாப்புகளுக்கு வழி செய்தது. அதனால் இன்று 2 கிலோவிலும் கிடைக்கிறது. ஆனாலும் 3 கிலோ வகை சாகவில்லை. அடக்காத சக்தி வேண்டும் என்கிறவன் இன்னும் இருக்கிறான்.

விளையாட்டுச் சாமான் எப்படி வேலைக்கு வந்தது

டிராயிங் வேலைக்கென்றே 'ஒர்க்ஸ்டேஷன்' லேப்டாப்கள் தனியாக உண்டு. அவற்றில் இருப்பதும் பெரும்பாலும் விளையாட்டு லேப்டாப்பில் இருக்கிற அதே குடும்பத்துச் சிப்தான். கூடுதலாக மென்பொருள் கம்பெனிகளின் சான்றிதழ், தனி டிரைவர், அதற்கான விலை. பெரிய கம்பெனி அதைத்தான் வாங்கும். இரண்டு மெஷின் வைத்திருக்கிறவர் விளையாட்டு லேப்டாப்பை வாங்குவார். சிவப்பு விளக்கும் டிராகன் படமும் கூடவே வரும். கஸ்டமர் முன்னால் திறந்தால் வானவில் மாதிரி மின்னுகிற கீபோர்டு விளக்கை எப்படி அணைப்பது என்பதுதான் மாமா என்னிடம் கேட்ட முதல் சந்தேகம்.

"இந்தக் காலத்தில் எதற்குச் சுமக்க வேண்டும், ஃபைலை இணையத்தில் போட்டுவிட்டு அங்கே திறக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆளும் போகாமல் மெஷினும் போகாமல் தகவல் மட்டும் போவது என்பது நம் பக்கத்து ஊரிலேயே நடந்த புரட்சி. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூரில் சாட்டிலைட் தொடர்பு வைத்து, இங்கே செய்த டிசைனை அமெரிக்காவுக்கு அனுப்பியது. பெங்களூரின் மொத்த ஐடி தொழிலும் அந்தப் பாதையில்தான் வளர்ந்தது.

ஆனால் பட்டறைக்காரர் போய் உட்காருவது வேறு ஒருவருடைய தொழிற்சாலைக்குள். வாசலில் செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் லேப்டாப்பின் சீரியல் நம்பரை எழுதுவார்கள். கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வைஃபை கொடுக்க மாட்டார்கள். டிராயிங்கை வெளியே எங்கும் ஏற்றக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஆக, கணக்குப் போடும் சக்தி மொத்தமும் தோளில் தொங்கும் பைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு ஜூஜூவாடி வணிகவரி செக்போஸ்ட் போய்விட்டது. தொழிற்சாலை வாசல் செக்போஸ்ட் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு ஒற்றுமையையும் சொல்ல வேண்டும். விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டு போகக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு எல்லை 100 வாட்-அவர். அதனால்தான் பெரிய கேமிங் லேப்டாப்புகளின் பேட்டரி 99, 99.9 என்று அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. மெஷின் எவ்வளவு பெரிதானாலும் பேட்டரி அதற்கு மேல் வளராது. முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. ஆஸ்போர்னுக்குப் பேட்டரியே இல்லை, இதற்கு இருந்தும் போதவில்லை. 40 வருஷத்துக்கு மேல் ஆகியும், மாமா மீட்டிங் ரூமில் நுழைந்ததும் முதலில் தேடுவது பிளக் பாயிண்ட்தான். அதிலும் அவர் சார்ஜரின் பிளக் தடித்த முள்ளோடு வந்தது. சாதாரண சாக்கெட்டில் நுழையாது. பையில் எப்போதும் ஒரு கன்வர்ட்டர் கிடக்கும்.

அரசாங்கமும் இந்தப் பையும்

எந்தப் பையையும் அரசாங்கம் திறந்து பார்க்காமல் விடாது, இல்லையா?

2004 ஜனவரியில் வந்த சுங்க அறிவிப்புப்படி 18 வயது நிரம்பிய பயணி வெளிநாட்டிலிருந்து ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். அது வியாபாரப் பயணிகளுக்கு பெரிய நிம்மதி. 2017 மார்ச்சில் அமெரிக்கா வளைகுடா உள்ளிட்ட பகுதிகளின் 10 விமான நிலையங்களிலிருந்து வரும் விமானங்களில் லேப்டாப்பைக் கையில் எடுத்துவரத் தடை போட்டது. துபாய், தோஹா வழியாகப் போன நம்மவர்கள் லட்ச ரூபாய் மெஷினை லக்கேஜில் போட்டுவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பறந்தார்கள். கத்தார் ஏர்வேஸ் பிசினஸ் வகுப்புப் பயணிகளுக்கு இரவல் லேப்டாப் கொடுத்தது. ஜூலைக்குள் தடை நீங்கியது. 2023 ஆகஸ்ட் 3-ல் இந்திய அரசு லேப்டாப் இறக்குமதிக்கே லைசென்ஸ் வேண்டும் என்று திடீரென அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் அதைத் தள்ளிவைத்து, பிறகு பதிவு செய்து அனுமதி பெறும் முறையாக மாற்றியது. அப்போதும் பயணி தன்னோடு கொண்டுவரும் ஒரு லேப்டாப்புக்கு விலக்கு இருந்தது.

இனி என் பாடம். மாமா பில்லைக் கொண்டுவந்து கொடுத்தபோது அதில் பெரிய எழுத்தில் 'கேமிங் லேப்டாப்' என்று இருந்தது. "இதுக்கு ஜிஎஸ்டி கிரெடிட் கிடைக்குமா? விளையாட்டுன்னு போட்டிருக்கே" என்று பயந்தார். சட்டத்தின் 16-ஆம் பிரிவு பொருளின் பெயரைக் கேட்கவில்லை, அது தொழிலுக்குப் பயன்படுகிறதா என்றுதான் கேட்கிறது. கிரெடிட் மறுக்கப்பட்டவை பட்டியலில் லேப்டாப் இல்லை. ஆகவே 18 சதவீத வரியை கிரெடிட்டாக எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: அப்படி எடுத்தால் அந்த வரித் தொகையைச் சொத்தின் விலையில் சேர்த்துத் தேய்மானம் கணக்கிடக் கூடாது. இரண்டு கையாலும் லட்டு தின்ன முடியாது! கணினிக்கான தேய்மானமும் முன்பு 60 சதவீதம் இருந்து 2017-18 நிதியாண்டிலிருந்து 40 ஆனது.

இந்த 40 சதவீதத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. முதல் வருஷத்திலேயே மதிப்பில் 40 சதவீதத்தைக் கழித்துக்கொள் என்று சட்டமே சொல்கிறது. கணினி என்பது வாங்கிய நாளிலிருந்து உருகும் ஐஸ்கட்டி. அதில் "இப்போது வாங்கினால் நஷ்டம்" என்று நான் சொன்னதற்கு அர்த்தமே இல்லை. எப்போது வாங்கினாலும் அது உருகத்தான் போகிறது. அது உருகுவதற்குள் எத்தனை வேலை முடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. எத்தனையோ பக்கம் காஸ்டிங் போட்ட எனக்கு இது பிப்ரவரியில் தெரியவில்லை.

கடைசியில்

ஆடம் ஆஸ்போர்ன் திவாலுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1984-ல் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்று ஆரம்பித்து, புத்தக விலையில் மென்பொருள் விற்றார். லோட்டஸ் கம்பெனி காப்பிரைட் வழக்குப் போட்டது. 1990-ல் தீர்ப்பு பாதகமாக வந்தது. உடல்நிலையும் கெட்டது. 1992-ல் இந்தியா திரும்பி, பள்ளிப் பிள்ளையாக இருந்த கொடைக்கானலிலேயே சகோதரியின் பராமரிப்பில் வாழ்ந்தார். 2003 மார்ச் 18 அன்று அங்கேயே காலமானார். 64 வயது.

உலகம் அவரை ஒரு தோல்வியின் பெயராக ஞாபகம் வைத்திருக்கிறது. நம் ஊரில் அந்த ஞாபகமும் இல்லை. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் எத்தனை ஐடிக்காரர்கள் முதுகில் லேப்டாப்போடு போகிறார்கள்! அந்தப் பையை உலகத்தில் முதலில் வியாபாரமாக்கியவன் இந்த மலையடிவாரத்தில் தமிழ் பேசித் திரிந்த பையன் என்று அவர்களில் ஒருவராவது சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மாமாவின் கதை? தோள்வலி வந்துவிட்டது. இப்போது பையைச் சக்கரம் வைத்த பெட்டியாக மாற்றிவிட்டார். போன தீபாவளிக்கு முன்னால் அந்த பிப்ரவரி கஸ்டமரே மறுபடி கூப்பிட்டார், சின்ன வேலைதான். மாமா போனார், பிளக்கைத் தேடினார், ஃபைலைத் திறந்தார், மாடலைத் திருப்பித் திருப்பிக் காட்டி ஒரு இடத்தில் டூல் இடிக்கும் என்றார். டீ வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டதாம்.

நேற்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான், "இப்ப லேப்டாப் வாங்கலாமா, இல்ல அடுத்த மாடல் வரட்டுமாடா?" நான் திருப்பிக் கேட்டேன், "இப்ப வேலை இருக்கா உனக்கு?" இருக்கிறது என்றான். "அப்ப வாங்குடா" என்றேன்.